துவாயை எங்கே விரிப்பது: சௌனாவுக்குப் போகும் கொழும்புக்காரருக்கு

வெள்ளவத்தையிலிருந்து ஜேர்மனிக்கோ சுவிசுக்கோ விடுமுறைக்குப் போகிறவரின் பெட்டியில் கறித்தூள் கட்டாயம் இருக்கும். அங்குள்ள பிள்ளைகள் முன்கூட்டியே சொல்லியிருந்தால் நீச்சல் உடையும் இருக்கும். "தேர்மே" என்று அங்கே சொல்லும் பெரிய வெந்நீர்க் குளியலகங்களில் நீச்சல் குளப் பக்கத்துக்கு அந்த உடை வேண்டும். சௌனா என்ற மரச் சூட்டறைகள் உள்ள பக்கத்துக்கு அதே உடையோடு போனால் கழற்றிவிட்டு வரச் சொல்வார்கள். ஆணும் பெண்ணும் ஒரே அறையில், படி போல அடுக்கிய ஒரே மரத்தட்டு இருக்கையில், உடுப்பில்லாமல் இருக்கும் இடம் அது. இதை வாசலில் நின்று தெரிந்துகொள்வதைவிட கட்டுநாயக்காவில் விமானம் ஏறுமுன் தெரிந்துகொள்வது நல்லது.

நம் கணக்கு எப்படியென்று முதலில் பாருங்கள். கீரிமலையில் ஆண்களுக்கு ஒரு கேணி, பெண்களுக்கு ஒரு கேணி. கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் எல்லாரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வாளியால் அள்ளி வார்க்கிறார்கள். இரண்டு இடத்திலும் ஆணுக்குச் சாரமோ களிசானோ, பெண்ணுக்குக் குறுக்குக்கட்டோ சட்டையோ உடம்பில் இருக்கும். நனைந்த துணி ஒட்டிக்கொண்டு ஒன்றையும் மறைக்காவிட்டாலும் பரவாயில்லை, துணி இருக்கிறது என்பதே போதும். ஜேர்மன் சௌனாவில் உடம்பை யாரும் பொருட்படுத்துவதில்லை. அழுக்கு என்று அவர்கள் பார்ப்பது துணியை. நைலோன் நீச்சல் உடை குளத்துக் குளோரினையும் வியர்வையையும் பிடித்து வைத்திருக்கும். 90 பாகை சூட்டில் அது தோலோடு ஒட்டி வியர்வை ஆவியாவதைத் தடுக்கும், தோலை அரிக்கும், அறையெல்லாம் மணக்கும். மரத்தட்டைத் தரை போலக் கழுவி எடுக்கவும் முடியாது, மரம் வியர்வையை உறிஞ்சிவிடும். "மரத்தில் வியர்வை படக்கூடாது" என்பதுதான் அங்கே முதல் சட்டம். உடுப்பைப் பற்றிய விதி அதன் பின்னால் வருவது.

இது நமக்கு முற்றிலும் அந்நியமான எண்ணமும் அல்ல. குருணாகல் பக்கத்து அரங்கலே வனவிகாரையில் "ஜந்தாகர" என்ற பழைய வெப்பக் குளியல் கூடத்தின் இடிபாடு இருக்கிறது. அப்படிப்பட்ட கூடங்களுக்கென்று பௌத்த துறவிகளுக்கான விநய நூலில் ஒரு விதி உண்டு: மறைப்பு மூன்று வகை, குளியல் கூடம் ஒரு மறைப்பு, தண்ணீர் ஒரு மறைப்பு, துணி ஒரு மறைப்பு. கூடத்துக்குள் இருப்பவர் மறைக்கப்பட்டவரே. ஜேர்மன்காரரும் கிட்டத்தட்ட இதையே பிடித்திருக்கிறார்கள். சௌனா அறைக்குள்ளும் குளிர்நீர்த் தொட்டிக்குள்ளும் உடுப்பு வேண்டாம். இடையில் நடக்கும்போதும் சாப்பாட்டு மேசையிலும் துவாயோ அங்கியோ வேண்டும்.

பெட்டியில் வைக்க வேண்டியவை

துவாய் இரண்டு. ஒன்று பெரியது, 80 சென்ரிமீற்றர் அகலம், 180 நீளம் அளவில் இருந்தால் படுத்தாலும் குதிக்கால் வரை மரத்தில் படாது. மற்றது துடைக்க, சாதாரண அளவு போதும். புறக்கோட்டையில் வாங்கும் மெல்லிய துவாய் வேண்டாம், வியர்வை ஊறி மறுபக்கம் போய்விடும், சொரசொரப்பான தடித்த பருத்தித் துவாய் பாருங்கள். சாரம் கொண்டுபோகலாமா என்று பலர் கேட்பார்கள். நடந்து திரிய அருமை, அங்கிக்கு வாடகை மிச்சம். ஆனால் கீழே விரிக்க ஆகாது. றப்பர் செருப்பு ஒரு சோடி. பூட்டுப்பெட்டிக்கு ஒரு யூரோக் குற்றி கேட்கும் இடங்களும் உண்டு, கையில் வைத்திருங்கள்.

இனி நகை. இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. 90 பாகையில் காற்று தோலைச் சுடுவதில்லை, காற்று வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். பொன்னும் வெள்ளியும் அப்படியல்ல, சூட்டை உறிஞ்சி நேரே தோலுக்குக் கொடுத்துவிடும். தாலிக்கொடி, காப்பு, தோடு, ஆண்களின் அரைநாண் கொடி எல்லாமே சில நிமிடத்தில் சுடத் தொடங்கும், நெஞ்சில் கோடாகத் தடிப்பு விழும். கழற்றக்கூடியதைப் பூட்டுப்பெட்டியில் வையுங்கள். தாலியைக் கழற்றமாட்டேன் என்பவர்கள் கொடிக்கும் தோலுக்கும் இடையே ஈரமில்லாத சிறு துணியை மடித்து வைத்துக்கொண்டு, 50 முதல் 60 பாகை வரையுள்ள "பயோ சௌனா" அறையோடு நிற்கலாம். உலோகச் சட்டமுள்ள மூக்குக் கண்ணாடியையும் வெளியே வையுங்கள். ஒட்டுப் பொட்டு சூட்டில் கழன்று அடுத்தவர் துவாயில் ஒட்டும், ஆகவே முன்பே எடுத்துவிடுங்கள். தலைக்கு வைத்த தேங்காயெண்ணெயை ஷாம்பூ போட்டுக் கழுவாமல் எந்தத் தொட்டியிலும் இறங்கவேண்டாம், நீர்மேல் படலமாக மிதக்கும்.

உள்ளே போனபின்

உடுப்பு மாற்றும் இடமே பல குளியலகங்களில் ஆண் பெண் பொதுவாக இருக்கும், தனிக் கதவுள்ள சிறு அறைகளும் இருக்கும். அங்கே உடுப்பைக் களைந்து துவாயைச் சுற்றிக்கொண்டு வாருங்கள். முதல் வேலை சவர். சோப்பு போட்டு முழுதாகக் கழுவி, பின் நன்றாகத் துடைக்க வேண்டும். ஈரத் தோல் வியர்க்கப் பிந்தும், உள்ளே இருக்கும் நேரம் வீணாகும்.

செருப்பைக் கதவுக்கு வெளியே விடுங்கள். கதவைச் சட்டென்று திறந்து சட்டென்று சாத்துங்கள். உள்ளே போனதும் சுற்றிய துவாயை அவிழ்த்து விரிக்கிறீர்கள், அதன்மேல் அமர்கிறீர்கள். கால் பாதமும் துவாயில்தான் இருக்கவேண்டும், முதுகு சாய்ந்தால் முதுகுக்குப் பின்னும் துவாய். நம்மவர் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்: வெட்கத்தில் துவாயை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வெறும் பாதத்தை மரத்தில் வைப்பார்கள். எதிரில் இருக்கும் பாட்டி முறைப்பது உங்கள் உடம்பைப் பார்த்தல்ல, அந்தப் பாதத்தைப் பார்த்து. துவாயைச் சுற்றிக்கொண்டே இருப்பதைப் பெரும்பாலான இடங்களில் ஒன்றும் சொல்லமாட்டார்கள். துவாய் பெரிதாக இருந்தால் ஒரு பாதியைக் கீழே விரித்து மறுபாதியை மடியில் போட்டுக்கொள்ளலாம். முதல் தடவைக்கு இதுவே நல்ல வழி.

மேல்தட்டு கீழ்த்தட்டைவிட நன்றாகச் சுடும், சூடு மேலே ஏறும். கீழ்த்தட்டிலோ நடுத்தட்டிலோ தொடங்குங்கள். சுவரில் மணற்கடிகாரம் இருக்கும், பெரும்பாலும் 15 நிமிடக் கணக்கு. முதல் சுற்றுக்கு எட்டு நிமிடம் போதும். படுத்திருந்தால் கடைசி இரண்டு நிமிடம் எழுந்து காலைத் தொங்கவிட்டு இருங்கள். சூட்டில் இரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும், சட்டென்று எழுந்தால் இரத்தம் காலுக்கு இறங்கித் தலை சுற்றும். வெளியே வந்து முதலில் காற்றில் இரண்டு நிமிடம் நில்லுங்கள். பிறகு குளிர்ந்த தண்ணீரைப் பாதத்திலிருந்து மேலே கொண்டுவாருங்கள். வியர்வையைக் கழுவாமல் குளிர்த் தொட்டியில் குதித்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதன்பின் 15 முதல் 20 நிமிடம் ஓய்வு, தண்ணீர் குடிப்பு. இப்படி இரண்டு அல்லது மூன்று சுற்று. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டோ, குடித்துவிட்டோ போகவேண்டாம். இருதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்காமல் போகக்கூடாது. நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறவர்கள் இன்னும் கவனம், சூட்டில் அது வேகமாக இரத்தத்தில் சேரும்.

"அவுஃப்குஸ்" என்று மணி குறித்த பலகை இருந்தால், அந்நேரம் பணியாளர் வந்து மணத்தைலம் கலந்த தண்ணீரை அடுப்பின் மேலுள்ள சூட்டுக் கல்லில் ஊற்றித் துவாயால் சூட்டை வீசுவார். தொடங்கியபின் உள்ளே போகாதீர்கள், கதவு திறந்தால் ஆவி போய்விடும். தாங்காவிட்டால் நடுவில் வெளியே வரலாம், அதை யாரும் தவறாக எடுக்கமாட்டார்கள். நீங்களாகக் கல்லில் ஒன்றையும் ஊற்றவேண்டாம். கலக்காத தைலம் சூட்டுக் கல்லில் பட்டால் தீப்பிடிக்கலாம்.

கண்ணை எங்கே வைப்பது? பஸ்சில் முன்னால் நிற்பவரைப் பார்ப்பதுபோலத்தான்: முகத்தைப் பார்க்கலாம், உடம்பில் கண் நிற்கக்கூடாது. தமிழ் யாருக்கும் விளங்காது என்று நினைத்துக் குசுகுசுத்துச் சிரிப்பதுதான் மிகப் பெரிய பிழை. சிரிப்பு எல்லா மொழியிலும் விளங்கும், டோட்முண்டிலோ சூரிச்சிலோ தமிழும் விளங்கும். போனை உள்ளே கொண்டுபோவதை எண்ணியும் பார்க்கவேண்டாம், வெளியேற்றிவிடுவார்கள்.

சொந்தக்காரரோடு போவது தனிச் சிக்கல். அங்கேயே வளர்ந்த மச்சானுக்கு இது சாதாரணம், உங்களுக்கு மாமாவை அப்படிப் பார்ப்பது ஆயுசுக்கும் மறக்காது. மறுப்பதில் கூச்சப்படவேண்டாம். "மச்சான், நீங்கள் போங்கோ, நான் குளத்துப் பக்கம் நிக்கிறன்" என்றால் முடிந்தது. சௌனாவுக்குத் தனிச் சீட்டும் தனி வாசலும் இருப்பதால் யாருடைய நாளும் கெடாது. பெண்களுக்கு மட்டுமான நாள் பல இடங்களில் வாரத்தில் ஒன்று உண்டு, "டாமன்சௌனா" எப்போது என்று தொலைபேசியில் கேளுங்கள். மருமகளும் மாமியும் சேர்ந்து போவதென்றால் அந்த நாளிலும் தனித்தனி மணிக்குப் போவதே எங்கள் யோசனை. மாதவிடாய் நாட்களில் தம்போன் போட்டுக்கொண்டு ஜேர்மனியில் போகலாம், நூலை உள்ளே ஒதுக்கிவிடுகிறார்கள்.

நாடு மாறினால் விதி தலைகீழ்

பாடன்-பாடனில் 1877 இல் திறந்த ஃபிரீடிரிக்ஸ்பாட் 17 கட்டங்களாகச் சுற்றிவரும் குளியல், உடுப்பில்லாமல் சுற்றுவதே அங்கே வழக்கம். எந்த நாள் கலப்பு என்று கேட்டுவிட்டு நுழையுங்கள். பின்லாந்தை எல்லாரும் தவறாக நினைப்பார்கள். சுமார் 55 இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 30 இலட்சம் சௌனா உள்ள நாடு அது, அதன் சௌனாப் பழக்கம் 2020 இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் ஏறியது. ஆனால் அங்கே அம்மணமும் கலப்பும் ஒன்றாகச் சேர்வது குடும்பத்துக்குள், நெருங்கிய நண்பருக்குள்தான். பொதுச் சௌனாவில் ஆண் பெண் தனி, கலந்திருந்தால் நீச்சல் உடை. கல்லில் தண்ணீர் ஊற்றுவதும் அங்கே இருப்பவர்களின் வேலை, "ஊற்றட்டுமா" என்று கேட்டுவிட்டு ஒரு அகப்பை. நோர்வேயில் துறைமுகத்து மிதக்கும் சௌனாக்களில் பொதுவாக நீச்சல் உடை. லண்டனிலும் பாரிசிலும் நீச்சல் உடை இல்லாமல் போனால் ஆள் வந்துவிடும். புடாபெஸ்டின் 1913 ஆம் ஆண்டு சேச்சென்யிக் குளியலகமும் கலப்பு, நீச்சல் உடை. ஐஸ்லாந்தில் குளத்தில் உடை வேண்டும், அதற்குமுன் சவரில் உடை கூடாது. எங்கெங்கே கழுவவேண்டும் என்று படம் போட்டே ஒட்டியிருப்பார்கள். துருக்கிய ஹமாமில் ஆண் பெண் தனித்தனி, இடுப்பில் பெஷ்டமால் துணி. சாரம் கட்டிப் பழகியவருக்கு அதில் ஒரு பாடமும் தேவையில்லை.

யப்பானின் வெந்நீர்க் குளியலகங்களில் ஆண் பெண் தனித்தனி, உள்ளே ஒரு துணியும் கிடையாது. வாசலில் நீலத் திரை பெரும்பாலும் ஆண், சிவப்பு பெண், ஆனால் நேரத்துக்கு நேரம் மாற்றிவிடும் இடங்களும் உண்டு, எழுத்தைப் பாருங்கள். சிறிய துவாயைத் தண்ணீரில் நனைக்காமல் தலையில் மடித்து வைக்கவேண்டும். சிறிய முக்காலியில் இருந்து முழுதாகக் கழுவி, சோப்பு நுரை போன பிறகே இறங்கவேண்டும். கலப்புக் குளியல் ஒரு காலத்தில் அங்கே சாதாரணம், எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், 1791 இல் அரசு தடுத்தது, மேற்கத்தியர் வந்தபின் மெய்ஜி மன்னர் கால அரசு மறுபடி இறுக்கியது. ஆவோமோரியின் சுகாயு போன்ற சில இடங்களில் மிச்சம் இருக்கிறது. பிள்ளைகளை எதிர்ப்பாலார் பக்கத்துக்குக் கூட்டிப்போகும் வயதெல்லையை அந்நாட்டுச் சுகாதார அமைச்சு 2020 இல் பத்திலிருந்து ஏழு வயதாகக் குறைத்தது. எட்டு வயது மகனை அம்மா தன்னோடு கூட்டிப்போக முடியாது. கந்தக ஊற்றுகளில் வெள்ளிக் கொடி கறுத்துவிடும்.

கொழும்புக்குத் திரும்பியதும்

பழகிவந்தவர்கள் இங்கே செய்யும் பிழை எதிர்ப்பக்கத்தது. இலங்கையில் பொது இடத்தில் அம்மணம் சட்டப்படி குற்றம். காலிமுகத்திடலை ஒட்டிய ஹோட்டல்களோ, கொள்ளுப்பிட்டியின் உடற்பயிற்சி நிலையங்களோ, நீராவி அறை ஆண்கள் பக்கத்துக்குள்ளேயே இருந்தாலும் இடுப்பில் துவாய் கட்டாயம். பொதுவான இடமென்றால் நீச்சல் உடை. வெளிநாட்டு விருந்தாளி ஒருவர் உடுப்பில்லாமல் இருந்தால் நீங்கள் சண்டை பிடிக்காமல் பணியாளரிடம் சொல்லுங்கள். ஆயுள்வேத நிலையத்தில் மரப்பெட்டிக்குள் தலைமட்டும் வெளியே நீட்டி வேது பிடிக்கும்போது உங்கள் பாலினத்தவரே கவனிக்கவேண்டும் என்று பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள், உள்ளே இடுப்புத்துணியும் கேட்கலாம்.

நீராவி அறையில் சூடு 45 பாகைதான், ஆனால் காற்று ஈரத்தால் நிரம்பியிருக்கும், வியர்வை ஆவியாகாது. உலர்ந்த சௌனாவில் 12 நிமிடம் இருந்தவர் இங்கே அதே கணக்கில் இருந்தால் மயங்குவார். எட்டு நிமிடத்தோடு எழுந்து வாருங்கள். வெளியேயும் 30 பாகையும் புழுக்கமும்தான், உடம்பு ஆறாது. உடனே காருக்குப் போகாமல் குளிர்ந்த தண்ணீரை வார்த்துக்கொண்டு, வியர்வை நின்றபிறகு உடுப்பைப் போடுங்கள்.