ஈறு நோய்க்கு லேசர்: விலைக்கு முன் கேட்க வேண்டிய எண்கள்

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ பல் மருத்துவர் ஈறுக்கு லேசர் வைக்கலாம் என்று சொன்னால், எவ்வளவு ஆகும் என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். முதலில் ஈறுப் பையின் ஆழம் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள பள்ளம் 1 முதல் 3 மி.மீ. வரை இருந்தால் இயல்பானது. 4-ஐத் தாண்டி, தொட்டால் இரத்தமும் கசிந்தால் நோய் உள்ளிறங்கிவிட்டது என்று பொருள். எங்கள் அப்பத்தாவுக்கு அளந்தபோது அருகில் இருந்தேன். கோடுகள் போட்ட மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லைச் சுற்றிலும் ஆறு இடங்களில் இறக்கி, "மூணு, ரெண்டு, ஆறு" என்று மருத்துவர் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிக்கொண்டார். அந்தத் தாளைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, லேசருக்கு முன் ஸ்கேலிங்கும் (பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பது) பல்லின் வேர்ப்பரப்பைச் சுத்தம் செய்வதும் நடக்க வேண்டும். நம் வீட்டுச் சுவரில் பூசிய சுண்ணாம்புக் காரையைப் போலவே பல்லில் படியும் காரையும் சுண்ணாம்புச் சத்து இறுகியதுதான்; பல மருத்துவமனைகளில் உள்ள டயோடு லேசர் அதைப் பெயர்க்காது, பைக்குள் இருக்கும் கிருமிகளையும் நைந்த திசுவையும்தான் குறைக்கும். ஸ்கேலிங்கே வேண்டாம், லேசர் மட்டும் போதும் என்பவரிடம் நான் போகமாட்டேன். ஸ்கேலிங்கோடு லேசரைச் சேர்ப்பதால் கிடைக்கும் கூடுதல் பலனும் பெரும்பாலும் சிறிதே என்பதை அறிந்தே பணம் கட்டுங்கள்.

சர்க்கரை நோய் இருந்தால் இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி முடிவைக் கொண்டுபோங்கள். இரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரைகள் சாப்பிடுபவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டுமே தவிர, தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. சிகிச்சையின்போது மரத்துப்போக மருந்து கொடுத்து, நூலிழை போன்ற ஃபைபர் முனையைப் பைக்குள் மெதுவாக நகர்த்துவார்கள். உங்கள் கண்ணுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டாக வேண்டும்.

முதல் சில நாள்களுக்கு இடியாப்பம், குழைந்த சோறு, ஆறிய ரசம் போதும். சீப்புச் சீடையும் தேன்குழலும் டப்பாவிலேயே இருக்கட்டும். கோழி மிளகு வறுவலும் காத்திருக்கட்டும். சிகிச்சை செய்த இடத்தில் எப்போது பிரஷ் படலாம் என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி வாய்க்கொப்பளிப்பு மருந்து கொடுத்தால் சொன்ன நாள்களுக்கு மட்டும் கொப்பளியுங்கள், நீண்டநாள் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். வீக்கம் வடிந்ததும் பல் சற்று நீண்டது போலத் தெரியும், குளிர்ந்த நீர் கூசும். விருந்து முடிந்து தாம்பூலத் தட்டு வரும்போது மறுப்பது நம் பக்கம் எளிதல்ல. ஆனாலும் பாக்கையும், குறிப்பாகப் புகையிலையையும் விடாதவருக்கு எந்தச் சிகிச்சையும் நிலைக்காது.

ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்கச் சொல்லி, பழைய படத்தோடு ஒப்பிடுங்கள். 6 இருந்த இடம் 4 ஆகி, இரத்தக் கசிவும் நின்றிருந்தால் சிகிச்சை வேலை செய்திருக்கிறது. எண் அசையாமல் இருந்தால் இன்னொரு முறை லேசருக்கு உட்காராமல், ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் அறுவை சிகிச்சை தேவையா என்று ஈறு நோய்ச் சிறப்பு மருத்துவரிடம் கேளுங்கள்.