பெட்டிக்குள் வைத்ததும் முரண்டுபிடித்த எஸ்டி2ஐஇசி

1982இல் வெளிவந்த கமடோர் 64 கணினிக்கு, 1541 நெகிழ்வட்டு இயக்கியின் இடத்தில் எஸ்டி கார்டிலிருந்து நிரல்களை ஏற்றித்தரும் எஸ்டி2ஐஇசி பலகையை வைத்திருக்கிறேன். மேசை மேல் குறையின்றி இயங்கிய அது, 3 மி.மீ. அக்ரிலிக் தகட்டில் நான் செய்த பெட்டிக்குள் திருகியதும், ‘டிவைஸ் நாட் பிரசன்ட்’ (சாதனம் இணைப்பில் இல்லை) என்ற பிழையை அவ்வப்போது காட்டத் தொடங்கியது.

கார்டை மாற்றினேன், கணினியின் கேசட் போர்ட்டிலிருந்து பலகைக்கு வரும் 5 வோல்ட்டை அளந்தேன், கணினியின் கேபிளைச் செருகும் சாக்கெட்டின் சால்டர் இணைப்புகளை மீண்டும் சூடாக்கினேன். பலனில்லை. பலகையை வெளியே எடுத்துச் சோதித்தால் மல்டிமீட்டர் ஆறு ஊசிகளிலும் தொடர்பு சரியென்றே காட்டியதால், கோளாறு பிடிபடாமல் பல நாட்கள் வீணாயின.

துப்பு கொடுத்தது, கேபிளுக்காகப் பெட்டியில் போட்ட துளையைச் சுற்றி அக்ரிலிக்கில் விழுந்திருந்த மெல்லிய வளையத் தேய்மானம். துளை, கேபிள் முனையிலுள்ள வட்டமான ஆறு ஊசி டின் (DIN) பிளக்கின் உலோக உறை நுழையும் அளவே இருந்ததால், அதன் பின்னாலுள்ள தடித்த பிளாஸ்டிக் பிடி தகட்டில் முட்டி நின்றது. ஊசிகள் முழு ஆழத்துக்குப் போகவில்லை. கேபிள் சற்றே சாய்ந்தாலும் தொடர்பு விட்டுப்போனது.

தகட்டுக்குப் பின்னால் மரத்துண்டை அண்டக்கொடுத்து, விரிசல் விடாதபடி படிப்படியாக அகலும் கூம்பு வடிவ ஸ்டெப் டிரில்லை மெதுவாகச் சுழற்றி, பிடியும் உள்ளே நுழையும் அளவுக்குத் துளையைப் பெரிதாக்கினேன். பிளக் இப்போது அடிவரை இறங்குகிறது. பிழை மீண்டும் வரவில்லை. பெரிய நிம்மதி.