கடனட்டைப் புள்ளிகளில் வன்னிக்குப் போய்வர

ரொறன்ரோவில் இருந்து நாலு பேர் ஓகஸ்ட் மாதத்தில் கிளிநொச்சிக்குப் போய்வருவதென்றால் ரிக்கெற் காசே கையைக் கடித்துவிடும். அதே வீட்டில் நாலைந்து வருடமாக அட்டையில் செலவழித்ததற்குச் சேர்ந்த கடனட்டைப் புள்ளிகள் தேடுவாரின்றிக் கிடக்கும். ஒருநாள் யாராவது அதைக் கொடுத்து கோப்பி போடும் இயந்திரமோ, கடைப் பரிசு அட்டையோ எடுத்துவிடுவார்கள். தெரிந்த வீடுகளில் இதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுக்காது. அந்தப் புள்ளிகளில் அம்மாவை முள்ளியவளைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மாதாமாதம் அட்டைக் கடனை முழுதாகக் கட்ட முடியாதவர்கள் புள்ளிகளை மறந்துவிடுங்கள். ஆண்டுக்கு 20 சதவீதத்தை ஒட்டிய வட்டி கட்டி, ஒன்றிரண்டு சதவீதப் புள்ளி வாங்குவது நட்டம். கடனை அடைத்த பிறகு இந்தப் பக்கம் வாருங்கள்.

சரி, ஒரு புள்ளியின் பெறுமதி என்ன? ரிக்கெற்றின் காசு விலையை எடுங்கள். புள்ளியில் வாங்கினாலும் கையால் கட்டவேண்டிய வரியை அதிலிருந்து கழியுங்கள். மிச்சத்தைக் கேட்கும் புள்ளிகளால் வகுத்துப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, 1,900 டொலர் ரிக்கெற், வரி 150, கேட்பது 90,000 புள்ளி என்று வைத்துக்கொண்டால் புள்ளி ஒன்றுக்கு 1.9 சதத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். பரிசு அட்டைக்கும் பொருட்களுக்கும் பெரும்பாலும் ஒரு சதம்கூடத் தேறாது. இந்தக் கணக்கை ஒவ்வொரு முறையும் போட்டுப் பாருங்கள். மலிவு ரிக்கெற் கிடைக்கும் மாதத்தில் காசு கொடுத்துப் போவதே லாபமாக இருக்கும். அப்போது புள்ளியைத் தொடாதீர்கள்.

கனடாவில் இருப்பவர்களுக்கு எயார் கனடாவின் புள்ளித் திட்டமான ஏரோபிளான் நல்ல வழி. எயார் கனடா கொழும்புக்குப் பறப்பதில்லை, ஆனால் அதே புள்ளிகளில் இஸ்தான்புல் வழியாக டேர்க்கிஷ், அபுதாபி வழியாக எதிஹாட் என்று கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்கா வரைக்கும் ஒரே ரிக்கெற்றாக எடுக்கலாம். 2020 நவம்பருக்குப் பிறகு ஏரோபிளான் எரிபொருள் மேலதிகக் கட்டணம் வாங்குவதில்லை. இப்படியான பங்காளி விமானமென்றால் வரியோடு 39 டொலர் பதிவுக் கட்டணம் மட்டும் வரும். அமெக்ஸ் (அமெரிக்கன் எக்ஸ்பிரஸ்) அட்டைப் புள்ளிகளை ஒன்றுக்கு ஒன்றாக ஏரோபிளானுக்கு மாற்றலாம். எட்டுப் பேர் வரைக்கும் குடும்பமாகச் சேர்ந்து புள்ளிகளை ஒரே இடத்தில் போட்டுவைக்கவும் முடியும். அண்ணரிடம் 30,000, தங்கச்சியிடம் 25,000 என்று சிதறிக் கிடப்பதை ஒன்றாக்கினால்தான் ஒரு ஆசனமாவது தேறும்.

லண்டன்காரருக்கு அவியோஸ் என்ற விமானப் புள்ளிகள். பிரிட்டிஷ் எயர்வேய்ஸ் கணக்கில் இருக்கும் அவியோஸைக் கட்டார் எயர்வேய்ஸ் கணக்குக்கு ஒன்றுக்கு ஒன்றாக நகர்த்தலாம். தோஹா வழியாகப் போக அது உதவும். சிறிலங்கன் விமான நிறுவனம் 2014 மே மாதம் வன்வேர்ள்ட் கூட்டணியில் சேர்ந்ததால் ஹீத்ரோவில் இருந்து நேரடியாகப் போகவும் அவியோஸ் செல்லும். அவுஸ்திரேலியாவில் குவான்டாஸ் புள்ளி வைத்திருப்பவர்களும் மெல்பேர்ண், சிட்னியில் இருந்து அதே சிறிலங்கனில் ஆசனம் தேடலாம். இங்கெல்லாம் மேலதிகக் கட்டணம் வரியோடு ஒளிந்துகொண்டு வரும், அதனால் கடைசித் திரை வரைக்கும் போய் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டே கணக்குப் போடுங்கள்.

ஆசனம் இருப்பதைக் கண்ணால் காணும்வரை வங்கிப் புள்ளிகளை விமான நிறுவனத்துக்கு மாற்றாதீர்கள். நான் அப்படி மாற்றிவிட்டு, விரும்பிய கிழமையில் ஒரு ஆசனமும் இல்லாமல் இரண்டு வருடம் காத்திருந்தேன். மாற்றியதைத் திருப்பி எடுக்க வழியே இல்லை. காலக்கெடுவும் உண்டு. ஏரோபிளானிலும் குவான்டாஸிலும் 18 மாதம் கணக்கில் அசைவே இல்லாவிட்டால் புள்ளி போய்விடும். பிரிட்டிஷ் எயர்வேய்ஸில் 36 மாதம். இடையில் சின்னதாக ஏதாவது சேர்த்தாலோ செலவழித்தாலோ கடிகாரம் மறுபடி முதலில் இருந்து ஓடும்.

திகதி விசயத்தில் நம்மவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். நல்லூர்த் திருவிழா, ஓகஸ்ட் 15 மடுமாதா பெருவிழா, பிள்ளைகளின் பள்ளி விடுமுறை எல்லாம் ஒன்றாக வருவதால் எல்லோருக்கும் ஒரே கிழமைதான் வேண்டும். புள்ளி ஆசனங்கள் பறப்புக்கு ஏறத்தாழ 11 மாதத்துக்கு முன்பே திறக்கும், அன்றே தேடுங்கள். பிள்ளைகள் இல்லாமல் போகிறவர்கள் வற்றாப்பளை அம்மன் பொங்கலை ஒட்டி வைகாசியில் போகப் பாருங்கள். ஆசனமும் கிடைக்கும், பொங்கலும் கிடைக்கும். கார்த்திகை, மார்கழியில் இரணைமடு நிரம்பி வான் பாய்வது பார்க்க அழகு. ஆனால் உள்ளூர்ப் பாதைகள் வெள்ளத்தில் அடிபடும் காலமும் அதுதான்.

பலாலி வழியும் யோசிக்கத் தக்கது. புள்ளியில் சென்னை வரைக்கும் போய், அங்கிருந்து யாழ்ப்பாண விமானத்தைக் காசு கொடுத்து எடுப்பது. பலாலியில் இறங்கினால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் கிளிநொச்சி. கட்டுநாயக்காவில் இருந்து வான் வண்டியில் வர ஆறேழு மணி நேரம் எடுக்கும். ஆனால் இரண்டு தனி ரிக்கெற் என்றால் சென்னையில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும், அதற்கு இந்திய விசா வேண்டும். பலாலிக்குப் போவது சின்ன விமானம், பெட்டிகளின் எடையிலும் கண்டிப்பாக இருப்பார்கள். ஊருக்கு மூன்று பெட்டி நிறையச் சாமான் கொண்டு போகிறவர்களுக்கு இது சரிவராது.

அட்டையோடு வரும் பயணக் காப்புறுதியைப் பெரிதாக நம்பிவிடாதீர்கள். கனடாவில் பல அட்டைகள் 65 வயதுக்குக் கீழே 15 நாளளவும், அதற்கு மேலே மூன்று நாளும்தான் மருத்துவச் செலவுக்குப் பொறுப்பேற்கும். சிலவற்றில் முதியவர்களுக்கு ஒன்றுமே இல்லை. ஆறு கிழமை நிற்கப்போகும் 70 வயது அம்மாவுக்குத் தனியாகக் காப்புறுதி எடுங்கள். புள்ளி கொஞ்சம் மிஞ்சினால் அம்மாவின் போகும் வழிக்கு மட்டுமாவது படுத்துப் போகும் ஆசனம் எடுத்துக் கொடுங்கள். முழங்கால் வீங்கிப்போய் இறங்கும் மனுசியை உடனே வான் வண்டியில் ஏற்றி ஏ-9 வீதியில் கூட்டிப்போவது எவ்வளவு கொடுமை என்று கூடப் போனவர்களுக்குத் தெரியும்.

வன்னிக்குள் நுழைந்ததும் கடனட்டையைப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். ஹில்டன், மரியட் புள்ளிகளுக்கு இங்கே ஒரு கட்டிலும் கிடையாது. கிளிநொச்சி, வவுனியா நகரங்களின் சூப்பர் மார்க்கெட்டிலும் பெரிய கடைகளிலும் அட்டை எடுப்பார்கள். இயந்திரம் டொலரா ரூபாயா என்று கேட்டால் ரூபாய் என்றே சொல்லுங்கள், டொலர் என்றால் அவர்கள் போடும் மாற்று விலையில் காசு போகும். பல அட்டைகள் வெளிநாட்டுச் செலவுக்கு 2.5 சதவீதம் எடுக்கும், எடுக்காத அட்டையும் உண்டு. கடனட்டையில் ஏரிஎம் காசு மட்டும் எடுக்காதீர்கள். அன்றைக்கே வட்டி தொடங்கும், புள்ளியும் வராது. டெபிட் அட்டையில் எடுத்து, 5,000 ரூபாய்த் தாள்களை நகரத்திலேயே சில்லறையாக்கிக்கொண்டு உள்ளே போங்கள். ஓட்டோ, பெட்டிக்கடை, எருமைத் தயிர், முல்லைத்தீவுக் கருவாடு எல்லாமே கைக்காசுதான்.

வான் வண்டியை ஊரிலேயே பேசுங்கள். ஒட்டுசுட்டானில் இருந்தோ பரந்தனில் இருந்தோ ஒரு வான்காரர் கட்டுநாயக்காவுக்கு வந்து ஏற்றிப்போவார். ரிக்கெற்றில் மிச்சம்பிடித்த காசு அப்படியே ஊருக்குப் போய்ச் சேரும். இரண்டு பேராக, பெட்டி குறைவாகப் போகிறவர்கள் கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறலாம். முல்லைத்தீவுப் பக்கம் போக மாங்குளத்தில் இறங்க வேண்டும். ஓடுகிறதா என்று கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் புள்ளிகளையும் விடுமுறைக்கே முடித்துவிடாதீர்கள். ஒரு ஆளுக்கான ஒருவழிப் பயணத்துக்காவது எப்போதும் ஒதுக்கி வையுங்கள். ஊரில் இருந்து நடுச்சாமத்தில் போன் வந்தால், நாளைக்கே பறக்கும் ரிக்கெற் இரண்டு மடங்கு விலை சொல்லும். சில பங்காளி விமானங்களுக்குப் புள்ளிக் கணக்கு அட்டவணைப்படி அப்படியே நிற்கும், விற்காத ஆசனங்களைக் கடைசி நாட்களில் திறந்து விடுவதும் உண்டு. என் அப்பாவின் செத்தவீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தது அப்படித்தான். இரண்டு வருடம் முடங்கிக் கிடந்த அதே புள்ளிகளில், இரவு பதினொரு மணிக்குத் தேடி, மறுநாள் மாலை விமானத்தில் ஏறினேன். எனக்காகத்தான் கிரியையை ஒருநாள் தள்ளி வைத்திருந்தார்கள்.