கேளிக்கைப் பூங்கா வேலைக்கு வருகிறவர்களே, எந்தக் காப்பீடு என்று கேளுங்கள்

ஊரில் ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் நமக்குக் காய்ச்சல் மாத்திரையும் கிடைக்கும், அப்பாவின் கண் அறுவைச் சிகிச்சையும் நடக்கும். அந்த நினைப்போடு கோலாலம்பூருக்கு விமானம் ஏறாதீர்கள். "இன்சூரன்ஸ் எல்லாம் உண்டு, தம்பி" என்று ஏஜென்ட் ஒரே மூச்சில் சொல்வதற்குள் மூன்று தனித்தனி ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒன்று செய்வதை இன்னொன்று செய்யாது.

வந்த 30 நாள்களுக்குள் ஃபோமெமா என்ற, வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான மருத்துவப் பரிசோதனை, பிறகு வேலை பெர்மிட். இதையெல்லாம் நிறுவனமே பார்த்துக்கொள்ளும்.

முதல் ஏற்பாடு சொக்சோ, அதாவது மலேசியாவின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். வேலையிடத்திலோ வேலைக்குப் போய்வரும் வழியிலோ அடிபட்டால் இது உதவும். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் உண்டு. 2024 ஜூலையில், நோயால் இனி உழைக்க முடியாமல் போனால் உதவும் இயலாமைத் திட்டமும் சேர்ந்ததால், அதற்கென நம் சம்பளத்திலும் அரை விழுக்காடு பிடிக்கிறார்கள். சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தம் இல்லையென்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். இரண்டாவது ஸ்பிக்பா. பெர்மிட் தொழிலாளர்களுக்காக 2011-இல் வந்த இத்திட்டம், அரசு மருத்துவமனையில் படுக்கையில் சேர்ந்தாலோ அறுவைச் சிகிச்சை நடந்தாலோதான் கைகொடுக்கும். இருமலுக்கு மருந்து வாங்க உதவாது. குடிமக்கள் அரசு கிளினிக்கில் 1 ரிங்கிட் கொடுத்துவிட்டுப் போவதைப் பார்த்து ஏங்கவும் வேண்டாம், அந்தக் கட்டணம் நமக்கில்லை. மூன்றாவது, நிறுவனம் தன் விருப்பத்தில் தரும் மருத்துவ அட்டை. அது தகுதிகாண் காலம் முடிந்த பிறகுதான் வருமா, எந்தப் பேனல் கிளினிக் (நிறுவனம் ஏற்பாடு செய்துள்ள கிளினிக்), ஆண்டுக்கு எவ்வளவு என்பதெல்லாம் ஒப்பந்தத் தாளில் இருக்கும். மலாயில் இருந்தால் படித்துச் சொல்ல ஆள் தேடுங்கள். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் பக்கத்து மேசைக்காரரே படித்துச் சொல்லிவிடுவார். இந்த ஊர்த் தமிழர்களிடம் எனக்குப் பிடித்த குணம் அது.

இனி, என் நண்பனைக் கவிழ்த்த விஷயம்.

பள்ளி விடுமுறையிலும் தீபாவளி வாரத்திலும் பூங்காக்கள் மணிக்கணக்குக் கூலிக்குப் பகுதிநேர ஆள்களைச் சேர்க்கும். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அது நல்ல வேலை. முழுநேர ஊழியரின் வேலைநேரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் 70 விழுக்காடு வரை உழைப்பவரைப் பகுதிநேர ஊழியர் என்று 2010-ஆம் ஆண்டு விதிகள் ஏற்கின்றன. அவருக்கும் சொக்சோ உண்டு. முதல் இரண்டு ஆண்டுகளில் முழுநேர ஊழியருக்கு 14 நாள் மருத்துவ விடுப்பு என்றால் அவருக்கு 10 நாள். மருத்துவ அட்டைதான் பெரும்பாலும் கிடைக்காது. ஆனால் நம் பெர்மிட் ஒரே முதலாளியின் பெயரில் இருக்கிறது. வேறு இடத்தில் ஒரு மணி நேரம் வேலை செய்தாலும் குடிநுழைவுச் சட்டத்தை மீறியதாகும்.

நண்பன் ஒரு பூங்காவில் முழுநேரப் பராமரிப்பு ஊழியன். ஊர்க்கார அண்ணன் ஒருவர், "வாரக் கடைசியில் வேறொரு நீர்ப் பூங்காவில் ஆள் தேவைப்படுகிறது, கையில் காசு" என்றார். அங்கே ஈரத்தில் வழுக்கிக் கணுக்கால் முறிந்தது. டாக்ஸிக்குப் பணம் கொடுத்து அனுப்பினார்கள், அவ்வளவுதான். சொக்சோவில் அவர்கள் இவன் பெயரைப் பதிந்ததே இல்லை. அரசு மருத்துவமனையில் "எங்கே விழுந்தாய்" என்று கேட்பார்களே என்ற பயத்தில் தனியார் மருத்துவமனைக்குப் போனான். ஸ்பிக்பா இருந்தும் பயன்படவில்லை. பில் கட்ட ஊரில் அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது.

அதே கால் அவனுடைய சொந்த வேலையிடத்தில் முறிந்திருந்தால், மருத்துவர் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) கொடுத்த நாள்களுக்கெல்லாம் கணக்கிட்ட தினக்கூலியில் 80 விழுக்காட்டைச் சொக்சோ கொடுத்திருக்கும். எம்.சி. நான்கு நாளாவது இருந்தால் போதும். அந்த அண்ணன் பழங்கூடையோடு வந்து நலம் விசாரித்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

காசு போதவில்லையென்றால் உங்கள் நிறுவனத்திலேயே ஓவர்டைம் கேளுங்கள். தீபாவளியன்று பூங்காவில் நின்று ஊரார் பிள்ளைகளுக்கு மிதவை வளையம் எடுத்துக் கொடுப்பது வயிற்றெரிச்சல்தான், நானும் நின்றிருக்கிறேன். ஆனால் அங்கே விழுந்தால் உங்கள் பெயர் பதிவில் இருக்கும். விழுந்தால் மேற்பார்வையாளரிடம் அன்றைக்கே சொல்லி எழுத்தில் வாங்குங்கள். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொன்னால் நீங்களே சொக்சோ அலுவலகத்துக்குப் போங்கள். எம்.சி.யின் நகலைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டு போங்கள்.