பிள்ளைக்கு முதலில் எதை ஓதிக்கொடுப்பது? இஸ்லாமியக் கல்விச் சிந்தனை மரபுகளைப் படிக்கும் முறை

தக்கலையிலோ குளச்சலிலோ காலை மதரஸாவுக்குள் எட்டிப் பார்த்தால், பொருள் தெரியாத அரபு வரியின் கீழ் விரலை நகர்த்தியபடி ஓதும் சிறுவனைக் காணலாம். இஸ்லாமியக் கல்விச் சிந்தனை மரபுகளைப் படிக்க முனைவோர் பெயர்ப் பட்டியலை விட்டுவிட்டு அச்சிறுவனிடமிருந்தே தொடங்கலாம். பிள்ளைக்கு முதலில் எதைக் கற்பிப்பது, எதற்காக என்ற கேள்வியோடு போனால், சிந்தனையாளர்கள் எங்கே பிரிகிறார்கள் என்பது தானே விளங்கும்.

காலத்தால் பிந்தியவராயினும் வரலாற்றறிஞர் இப்னு கல்தூனையே (1332–1406) முதலில் எடுங்கள். மக்ரிபில் (வடமேற்கு ஆப்பிரிக்கா) குர்ஆனை மட்டும் ஓதிக்கொடுத்ததையும், அந்தலூசில் (முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயின்) அதனோடு கவிதை, இலக்கணம், கையெழுத்து ஆகியவற்றைச் சேர்த்ததையும் 'முகத்திமா' என்னும் தம் நூலில் ஒப்பிடும் அவர், மக்ரிபினர் மொழியாற்றலில் பின்தங்கினர் என்கிறார். மொழியும் கணக்கும் முதலில், குர்ஆன் பிறகு என்ற அந்தலூசிய அறிஞர் அபூபக்கர் இப்னுல் அரபியின் யோசனையை அவர் மெச்சுகிறார். ஆயினும், வளர்ந்தபின் பிள்ளை கைக்கு அடங்காமல் ஓதாமலேயே போய்விடுவான் என்ற பெற்றோரின் அச்சத்தையும் அவர் தள்ளிவிடவில்லை. நம் ஊர்த் தாய்மார்களுக்கும் அந்த அச்சம் புதிதல்ல.

அடுத்து, இமாம் கஸ்ஸாலியின் (1058–1111) 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் அறிவு பற்றிய முதற்பகுதியைப் படியுங்கள். ஒவ்வொருவர்மீதும் கடமையான ஃபர்ளு ஐன், சமூகத்தில் சிலர் கற்றாலே நிறைவேறிவிடும் ஃபர்ளு கிஃபாயா என்று கல்வியை வகுக்கும் அவர், மருத்துவத்தையும் கணக்கையும் இரண்டாவதில் வைக்கிறார். அவரை உலகக் கல்விக்குப் பகைவராகக் கருதுவோர், மருத்துவத்தைக் கைவிட்டு எல்லோரும் ஃபிக்ஹு (மார்க்கச் சட்டம்) கற்கவே முண்டியடிப்பதை அவர் கண்டிக்கும் இடத்தை இருமுறை படிப்பது நல்லது.

பிள்ளை தனியாகப் பயில்வதைவிடச் சக பிள்ளைகளோடு பயில்வதே மேல் என்ற மருத்துவரும் தத்துவஞானியுமான இப்னு சீனாவையும் (980–1037), கிரேக்கத் தத்துவத்தைத் தழுவிய பஸ்ராவின் இக்வானுஸ் ஸஃபா என்னும் அறிஞர் குழுவையும் இப்போதைக்கு மேலோட்டமாகப் பார்த்தாலே போதும்.

தஃலீம் (கற்பித்தல்), தர்பியா (வளர்த்தல்), தஃதீப் (பண்படுத்தல்) என்னும் மூன்று சொற்களையும் ஒன்றாகக் குழப்பிவிடாதீர்கள். கல்விக்குத் தஃதீபே உரிய சொல் என்று வாதிட்ட மலேசியச் சிந்தனையாளர் செய்யது நகீப் அல்அத்தாஸின் நிலைப்பாடு இந்த வேறுபாட்டின்மீதுதான் நிற்கிறது.

இவர்களையெல்லாம் படித்த பிறகு, சூஃபிக் கவிஞர் பீர்முகம்மது அப்பாவின் 'ஞானப்புகழ்ச்சி'ப் பாடல்களைத் தக்கலையில் ஊரார் கூடிப் பாடும்போது போய் அமருங்கள். தமிழிலேயே பாடி, காதால் கேட்டுக் கற்கும் அந்தச் சூஃபி மரபை மேற்சொன்ன வகைகளில் எதில் சேர்ப்பது என்று அங்கிருந்தே எழுதத் தொடங்குங்கள்.