மீட்பு வண்டி மலையேறி வரும்வரை

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சேலம்–ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்று அடைபட்டாலே போதும், சேலத்திலிருந்து மீட்புக் குழு குப்பனூர் வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும். அதுவும் மலைப்பாதைதான். 'ஆபத்து என்றால் வண்டி வந்துவிடும்' என்று சேர்வராயன் மலை ஊர்களில் நாங்கள் நம்பியிருப்பதுதான் முதல் தவறு. வண்டி வரும்வரை பக்கத்து வீட்டுக்காரர்தான் மீட்புப் படை.

அடுத்த தவறு, நடக்கத் தெம்புள்ளவர்களை மட்டும் வைத்து, மண்சரிவின்போது வெளியேறும் ஒத்திகை நடத்துவது. எங்கள் தெருவில் கண் தெரியாத பாட்டி ஒருவர் இருக்கிறார். பகல் 11 மணிக்கு ஒத்திகை நடந்தபோது, எல்லோரும் பள்ளிக்கூடத்தை நோக்கி ஓடும் சத்தத்தைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவரை யார் அழைத்து வருவது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பிறகுதான் எதிர்வீட்டு அண்ணன், தம்பி இருவர் பெயரையும் எழுதினோம்; ஒருவர் காப்பித் தோட்டத்துக்குப் போயிருந்தால் மற்றவர். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், படுக்கையில் இருப்பவர்கள் என ஒவ்வொருவருக்கும் இப்படி இரண்டு பெயர் வேண்டும். ஒத்திகையை ஒருமுறையாவது இருட்டில், மின்சாரத்தை நிறுத்திவிட்டு நடத்துங்கள்.

மழை விட்டதும் வீடு திரும்புவதும், சரிந்த மண்ணை உடனே அடியிலிருந்து வெட்டி அள்ளுவதும் உயிரோடு விளையாடுவது. நீர் குடித்த மண் மழை நின்ற பிறகும் சரியும். அடிமண்ணை எடுத்தால் மேலே உள்ளது பிடிமானம் இழக்கும். தரையில் புது வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் முதலில் விலகுங்கள், பிறகு 1077 எண்ணில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் பழைய வீடியோவை அனுப்பிப் பீதியைக் கிளப்பாதீர்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது சிறுபாலங்களின் நிலை. சில்வர் ஓக் இலையும் தண்ணீர் பாட்டில்களும் சேர்ந்து வாயை அடைத்துக்கொள்கின்றன. போக வழியில்லாத நீர் சாலையோர மண்ணுக்குள் இறங்கிச் சரிவை இளக்குகிறது. வீடு கட்டச் சரிவைச் செங்குத்தாக வெட்டிய இடத்தில் ஆபத்து இன்னும் அதிகம். ஊருக்குள் இருக்கும் அடைப்பை நாமே கூடி எடுக்கலாம். பெரிய பாலத்தைத் தூர்வாரக் கிராம சபையில் தீர்மானம் போடலாம். ஆகஸ்ட் 15 கூட்டத்தில் கேட்டால் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஏறக்குறைய இரண்டு மாதம் கையில் இருக்கும். நவம்பர் 1 கூட்டத்தில் கேட்டால், பெரும்பாலும் மழையில் நனைந்துகொண்டுதான் கேட்போம்.