லித்தாப்ஸ்: பழைய இலை காயும்வரை தண்ணீர் வேண்டாம்

கூழாங்கல் போலவே இருக்கும் லித்தாப்ஸ் செடி, தென்னாப்பிரிக்கா, நமீபியாவின் வறண்ட சரளை நிலங்களில் வளர்வது. 1811-ல் வில்லியம் பர்ச்செல் என்ற ஆய்வாளர் தென்னாப்பிரிக்காவின் பிரீஸ்கா ஊர்ப் பக்கத்தில் கல் என்று நினைத்துக் கையில் எடுத்த பிறகுதான் அது செடி என்று கண்டார். அந்த நிலங்களில் செடியின் உடம்பில் பெரும்பகுதி மண்ணுக்குள் புதைந்திருக்கும். மேலே தெரியும் தட்டையான பகுதி வழியாக வெளிச்சம் உள்ளே இறங்கும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

இதற்கு இருப்பது ஒரே ஒரு ஜோடி இலை. நடுப்பிளவில் புது ஜோடி எட்டிப்பார்த்தால், அது பழைய இலைகளில் சேர்ந்திருக்கும் நீரைக் குடித்தே வளரும். அப்போது நீங்கள் தண்ணீர் ஊற்றினால் பழைய இலை வாடாமல் அப்படியே நிற்கும், புது இலை வெடித்துவிடவும் கூடும். பழைய இலை காகிதம் மாதிரி காய்ந்து சுருங்கட்டும். அப்புறம் நன்றாக நனையும்படி ஊற்றி, மண் முழுக்கக் காயும்வரை விட்டுவிடுங்கள். கடும் வெயில் காலத்திலும் தண்ணீரை வெகுவாகக் குறைத்துவிடுங்கள்.

வேர் ஆழமாக இறங்கும் என்பதால் ஆழமான தொட்டி நல்லது. மண் கலவையில் பாதிக்கு மேல் சிறு சரளை இருக்கட்டும். மழை நேராக விழும் இடம் வேண்டவே வேண்டாம்.